ஒரு கைகுலுக்கலில் இருந்த இரண்டு செய்திகள்

கடந்த மார்கழியில் ஒருநாள் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கே.வி.குப்பம் தாண்டியதும் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதைச் சுருக்குப் பையில் போட முயன்றார். ஒரு இரண்டு ரூபாய் நாணயம் மூன்று தடவை நழுவியது. மூன்றாம் தடவை நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விலகி நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம் மேடாக இருக்கவேண்டிய சதை குழிந்து கிடந்தது.

நான் 31 ஆண்டுகள் இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி தொழுநோயால் பாதிக்கப்பட்ட கைகால்களோடு கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓய்வு எடுப்பதில்லை.

"இன்னா வேலைம்மா செய்றீங்க?" என்று கேட்டேன்.

"பீடி சுத்துறேன்க்கா. முன்னல்லாம் ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்திடுவேன். இப்போ அறுநூறு தாண்டுனாலே பெருசு. நூல் கட்டவே வர்ல. விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"எத்தினி நாளா இப்படிக் கீது?"

"புரட்டாசிலேருந்து."

ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார். சத்துக் குறைவு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முழங்கைக்கு மேலே ரூபாய் நாணய அளவுக்கு ஒரு வெளிறிய தேமல் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. அரிப்பு இல்லை, வலி இல்லை, அப்புறம் எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

என் கையை நீட்டி, "இறுக்கிப் புடிங்க" என்றேன். பிடித்தார். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பலம். அவர் நகங்கள் என் உள்ளங்கையில் பதிந்தன. முகத்தில் சங்கோஜமான சிரிப்பு. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி கையைப் பிடிக்கச் சொன்னால் யாருக்கும் வரும் சிரிப்புதான். ஆனால் அந்தப் பிடியும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து என்னை 1947-க்குக் கொண்டுபோய் விட்டன. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த வேறொரு கைகுலுக்கல் அது. மாணவர்களுக்குப் பல வருடங்களாக நான் அதைப் பாடமாகச் சொல்லி வந்தேன். அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது இந்தப் பெண்ணால்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தப் பெண் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயைப் பற்றிய விவரங்களை மாற்றவில்லை.

செங்கல்பட்டில் நடந்தது

வட ஆற்காட்டில் மிஷன் மருத்துவம் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியவர். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்தக் கதையை இங்கே எல்லோரும் அறிவார்கள். நான் சொல்ல வருவது அவர் ஓய்வு பெற்ற அதே 1946-ல் வேலூருக்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டைப் பற்றி.

பிராண்டுக்கு இது வெளிநாட்டு ஊழியம் என்று சொல்வதா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அவர் பிறந்தது 1914-ல், கொல்லிமலையில். மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசி மரமேறி வளர்ந்தவரை ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் மலைக்காய்ச்சல் முற்றி, கொல்லிமலையிலேயே இறந்துபோனார். மகன் அப்பாவை மறுபடி பார்க்கவில்லை. மிஷனில் கட்டட வேலை செய்யலாம் என்று நினைத்து முதலில் தச்சும் கொத்து வேலையும் கற்றார், அப்புறம்தான் மருத்துவம். மரத்தையும் கல்லையும் கையால் அறிந்த ஒருவர் எலும்பு அறுவை மருத்துவரானார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கொல்லிமலை வீட்டுக்குத் தொழுநோய் கண்டவர்கள் வந்ததை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். யார் வந்தாலும் தயங்காமல் தொட்டு வைத்தியம் பார்க்கும் அப்பா, அன்று மட்டும் கையுறை போட்டுக்கொண்டு புண்ணுக்குக் கட்டுப் போட்டாராம். பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. அப்பாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கையுறையோடாவது கட்டுப் போட்டவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? ஆனாலும் அந்தப் பயம் ஒரு சின்னப் பையன் மனதில் தங்கிவிட்டது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் ராபர்ட் காக்ரேன், தோல் மருத்துவர். தொழுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று இந்த நாட்டில் முதலில் நிரூபித்துக் காட்டியவர்களில் ஒருவர். அந்தச் சமயத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1947-ல் அவர் அழைத்ததால் பிராண்ட் அங்கே சுற்றிப் பார்க்கப் போனார். தோட்டத்தில் நடந்தபோது காக்ரேன் தோலைக் காட்டிக்கொண்டே வந்தார். பிராண்டின் கண் கைகளிலேயே இருந்தது. மடங்கிய விரல்கள், குட்டையான விரல்கள், விரலே இல்லாத கைகள். இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன, இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் தோல் மருத்துவன், எலும்பு மருத்துவர் நீங்கள்தானே என்கிற பொருளில் காக்ரேன் பதில் சொன்னார். உலகத்தில் அத்தனை பேருக்குக் கை மடங்கிக் கிடந்தும், ஒரு எலும்பு மருத்துவரும் இதை உட்கார்ந்து ஆராயவில்லை என்பது பிராண்டுக்கு அங்கேதான் உறைத்தது.

அப்படியே நடந்து வரும்போது ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரோடு போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கியிருந்ததால் வாரைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே செருகி இழுக்கப் பார்த்தார். பிராண்ட் தன் கையை அவர் கையில் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலற்ற கை, லேசாக ஏதோ படும் என்று எதிர்பார்த்திருப்பார். பிடித்த பிடியில் வலி தாங்காமல் கத்திவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் இளைஞர் முகத்தில் சிரிப்பு. அவர் வேண்டுமென்று நோகடிக்கவில்லை. தான் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

அந்த இளைஞரின் பெயரை, இந்த நிகழ்வைச் சொல்கிற யாரும் சொல்வதில்லை. எனக்கு அது எப்போதும் ஒரு குறையாகவே இருந்திருக்கிறது. அன்று அந்த இடத்தில் ஆசிரியர் அவர்தான்.

முதல் செய்தி: பலம் இருக்கிறது

வலித்தது என்றால் அந்தக் கையில் பலம் இருக்கிறது என்று அர்த்தம். பிராண்ட் அங்கேயே பிடித்துக்கொண்டது இதைத்தான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டு போகும்போது உங்கள் விரல்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். அடிக்கணுவில் மடிந்து, மேல்பாகம் நேராக, ஐந்து விரலும் குவிந்து நிற்கும். இந்த நிலையைக் கொடுப்பவை உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சின்னச் சின்னத் தசைகள். பூ கட்டுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, பேனா பிடிப்பது, பீடி சுருட்டுவது எல்லாம் இவற்றின் வேலை. முஷ்டி பிடிக்கிற முரட்டு வேலைக்கான தசைகள் முன்கையில், முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன.

தொழுநோய்க் கிருமிக்குச் சூடு பிடிக்காது. உடம்பில் குளிர்ந்த இடமாகப் பார்த்துக் குடியேறும். தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் அதற்குத் தோதான இடம்: முழங்கைக்குப் பின்னால், மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலுக்கு வெளிப்பக்கம், கணுக்காலுக்குப் பின்னால். முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான் பெரும்பாலும் முதலில் அடிபடுவது. அது செத்தால் உள்ளங்கைச் சிறு தசைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கும். ஆனால் முன்கையின் பெரிய தசைகளில் பலவற்றுக்குப் போகும் நரம்புக் கிளைகள் ஆழத்தில், சூட்டில், பத்திரமாக இருக்கும். எதிர்த்து நிறுத்தச் சிறு தசைகள் இல்லாததால், அந்தப் பெரிய தசைகளே விரலை மடக்கி மடக்கிப் பருந்தின் நகம் போல ஆக்கிவிடுகின்றன.

ஆக, மடங்கிய கை செத்த கை இல்லை. ஒரு பக்கம் இழுப்பு மிஞ்சிப்போய், மறுபக்கம் ஆள் இல்லாத கை. தச்சு வேலை தெரிந்தவருக்கு இது புரியாமல் போகுமா? நன்றாக இருக்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து, செத்துப்போன தசையின் இடத்தில் கட்டினால் விரல் நிமிர வேண்டும். போலியோ பாதித்த கைகளுக்கும் அடிபட்ட கைகளுக்கும் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். தொழுநோய்க் கைக்குச் செய்யாததற்குக் காரணம், "அந்தச் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது" என்ற நம்பிக்கை. மருத்துவர்களுக்கே இருந்த நம்பிக்கை அது.

1948-ல் வேலூரில் அறுவை தொடங்கியது. பொது மருத்துவமனைக்குள் தொழுநோயாளிக்குக் கட்டில் கொடுப்பதே அன்று எளிதான காரியம் இல்லை. மற்ற நோயாளிகள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம். அறுத்த இடம் ஆறியது. எல்லாருக்கும் ஆறுவதுபோலவே ஆறியது. விரல் நிமிர்ந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. தசைநாணை இடம் மாற்றித் தைப்பது பாதி வேலைதான். மணிக்கட்டைத் தூக்குவதற்கென்று பிறந்த தசை, இனிமேல் விரலை நிமிர்த்த வேண்டும். மூளைக்கு அது தெரியாது. மூன்று நான்கு வாரம் மாவுக்கட்டில் இருந்துவிட்டு வருகிறவரிடம், "விரலை நிமிர்த்தாதீங்க, மணிக்கட்டைத் தூக்கறாப்பல நினைங்க" என்று சொல்லிச் சொல்லி, நாள் முழுக்க உட்கார்ந்து பழக்க வேண்டும். ஒருநாள் திடீரென்று விரல் அசையும். அப்போது நோயாளி முகத்தில் வரும் ஆச்சரியத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அலுத்ததில்லை. அதே வேலூரில், மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை அறுவைகளைச் செய்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை என்பதால் இதைத் தேர்ந்துகொண்டார்.

அறுவை முடிந்து ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். "இந்தக் கையை வைத்துப் பிச்சைகூட எடுக்க முடியவில்லை" என்று. கை நேரானதும் இரக்கம் போய்விட்டது. நோயின் தழும்பு இருந்ததால் வேலையும் இல்லை, வீட்டிலும் சேர்க்கவில்லை. இதைக் கேட்டு பிராண்ட் வெட்கப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தையொட்டி, குடிசைகளோடு புதுவாழ்வு மையம் ஒன்று எழுந்ததற்கு இந்த முறையீடுதான் காரணம். அங்கே அவர் தான் இளமையில் கற்ற தச்சு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். மர பொம்மைகள் செய்தார்கள்.

இரண்டாம் செய்தி

இந்த இடத்தில்தான் நான் பாடத்தை முடித்துவிடுவேன். கைகுலுக்கினார், பலம் கண்டார், அறுவை செய்தார். மாணவர்களும் குறித்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

ஆனால் அந்த இளைஞர் சிரித்தாரே? அவருக்குத் தெரியவில்லையே? அந்தக் கைகுலுக்கலுக்குள் இன்னொரு செய்தியும் இருந்தது: எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை இந்தக் கையால் அளக்க முடியாது. முதல் செய்தியைப் படிக்க பிராண்டுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. இரண்டாவதை முழுதாகப் படிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

அறுவை செய்த கைகளில் புண் கூடிக்கொண்டே போனது. முன்பு மடங்கிக் கிடந்த கை இப்போது வேலை செய்கிறதல்லவா? உளி பிடித்தது, அடுப்பில் பாத்திரம் இறக்கியது. காயம் பட்டது. நோய் திரும்பிவிட்டது, சதை அழுகுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. அங்கே இருந்த சிறுவன் ஒருவன், நான் திறக்கிறேன் என்று சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவ்வளவு பலமா என்று ஆச்சரியப்பட்டு அவன் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியக் கிழிந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் சாதாரணமாக நின்றான்.

திருமணி இளைஞரின் அதே பிடி, அதே முகம். இந்தத் தடவை பிராண்ட் இரண்டாவது செய்தியைப் படித்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. காயம் படுகிறது, வலி இல்லாததால் யாரும் அந்த விரலுக்கு ஓய்வு கொடுப்பதில்லை, அதே விரலால் மறுபடி வேலை செய்கிறார்கள், புண் எலும்புக்குப் போகிறது, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதன்பிறகு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்கள். இந்தக் கொப்புளம் எந்தச் சட்டியால், இந்தக் கீறல் எந்தக் கருவியால் என்று. சிலருக்குக் காரணமே இல்லாமல் இரவோடு இரவாக விரலில் சதை காணாமல் போனது. ஒருவர் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, எலி வந்து கடிக்கிறது. உணர்வே இல்லாத விரல், தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

மடங்கிய விரலில் இன்னொன்றும் உண்டு. நல்ல கை ஒரு பொருளைப் பிடித்தால் அழுத்தம் உள்ளங்கை முழுக்கப் பரவும். மடங்கிய கை விரல் நுனியால் மட்டுமே பிடிக்கும். அதே பலம், கொஞ்சூண்டு இடத்தில். பிராண்ட் கத்தியது பலத்தால் மட்டும் இல்லை, அந்தப் பலம் நுனிகளில் குவிந்ததால். பிறரை நோகடிக்கும் அழுத்தம் என்றால் அது அவருடைய நுனிகளையும்தானே நசுக்கியிருக்கும். ஒருவர் கத்தினார், மற்றவருக்குக் கத்தத் தெரியவில்லை.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இரண்டாம் செய்தி செருப்பாக மாறியது. உணர்வில்லாத பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடித்தளம் வைத்த செருப்பு. எங்கள் பக்கம் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்பார்கள். பாறையும் வெயிலுமாகக் கிடந்த அந்த இடத்தைக் காடாக்கியவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி, அவரும் கை அறுவை மருத்துவர்தான். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே பாடத்தைக் கொண்டு சேர்த்தார். இன்று வேலூரில் சர்க்கரை நோயாளிக்கு மெத்தென்ற செருப்பு எழுதிக் கொடுக்கும்போது, அந்தச் சீட்டில் திருமணி இளைஞரின் பங்கும் இருக்கிறது.

எங்கள் சபையில் இயேசு தொழுநோயாளியைத் தொட்ட பகுதியை வாசிக்கும்போதெல்லாம், தொட்டவரைப் பற்றியே பிரசங்கம் கேட்கிறோம். தொடப்பட்டவர் அன்று என்ன உணர்ந்தார், அவர் தோலில் அந்தத் தொடுகை தெரிந்ததா என்று நான் பல ஞாயிறுகள் யோசித்திருக்கிறேன்.

பீடிக் கை

பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றே அந்தப் பெண்ணை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வயது 41. தேமலின் மேல் பேனா முனை பட்டது தெரியவில்லை. வலது முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி தடித்து, தொட்டால் நொந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் செருகி இறுக்கிப் பிடிக்கச் சொன்னோம். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வைத்த காகிதம் லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. இடது கை நன்றாக இருந்தது. இரண்டு பாதத்திலும் உணர்வு முழுமையாக இருந்தது.

எனக்கு இதில் மனதைத் தைத்தது அந்தக் கணக்கு. ஆயிரம் அறுநூறானது. பீடி இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தூளைப் பரப்பிச் சுருட்டி, முனை மடக்கி நூல் சுற்றுகிற வேலை முழுவதும் உள்ளங்கைச் சிறு தசைகளின் வேலை. எந்தக் கருவியும் காட்டுவதற்கு முன்னால் பீடி எண்ணிக்கை அந்த நரம்பின் நிலையைக் காட்டிவிட்டது. ஒவ்வொரு மாலையும் கணக்கு எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. "கை வேகம் கொறைஞ்சிடுச்சு, வயசாயிடுச்சு போல" என்றுதான் அவர் வீட்டில் சொன்னார்களாம். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கிற எந்தச் சுகாதாரப் பணியாளரும், "எண்ணிக்கை கொறைஞ்சிருக்காம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தேமலைத் தேடுவதைவிட அது சீக்கிரம் வழிகாட்டும் என்று இப்போது நம்புகிறேன்.

தொழுநோய்தான் என்று உறுதியானது. அதற்கான, பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து தொடங்கியது. அரசு அதை இலவசமாகவே தருகிறது. நரம்பு பலவீனமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்குள் பிடித்துவிட்டால் மீள நல்ல வாய்ப்பு உண்டு. நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையைத் தொடங்கி 24 வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது என்று மருத்துவர் முடிவு செய்தார். நான் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். விரல்களை விரித்துச் சேர்ப்பது, அடிக்கணுவில் மடக்கி நேராக நிறுத்துவது, இரவில் மடங்காமலிருக்க அட்டை வைத்துக் கட்டுவது. நான்கு வாரத்தில் காகிதம் கொஞ்சம் நின்றது. எனக்குப் பெருமை.

ஐந்தாம் வாரம் அவர் வந்தபோது வலது உள்ளங்கையின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, பெரிய கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"தெரிலக்கா. கஞ்சிப் பானை எறக்கும்போது பட்டிருக்கும் போல."

"சுடலையா?"

"சுட்டா எடுத்திருக்க மாட்டேனா?"

அந்தப் பதிலுக்கு என்னிடம் பேச்சு இல்லை. தவறு என்னுடையது. முதல் நாளே அந்த நரம்பு போகிற இடமெல்லாம் உணர்வு குறைந்திருப்பதைக் குறித்திருந்தேன், படம் வரைந்து நிழல்கூட இட்டிருந்தேன். ஆனால் அவரிடம் பேசியதெல்லாம் தசையைப் பற்றி, பலத்தைப் பற்றி, எண்ணிக்கையைப் பற்றி. "இந்த ஓரம் உங்களுக்குச் சூடு சொல்லாது, துணி பிடிச்சு எறக்குங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல கையைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். முதல் செய்தியைப் படித்துவிட்டு, இரண்டாவதை எழுதி வைத்துவிட்டு மறந்துவிட்டேன். பஸ்ஸில் அவர் நகம் என் கையில் பதிந்தபோதே அது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க" என்றார். இடம் சின்னதென்பதால் புண் மூன்று வாரத்தில் ஆறியது. அந்த மூன்று வாரமும் பீடி சுற்றவில்லை, அதனால் கூலியும் இல்லை. அந்த நஷ்டம் முழுக்க அவர் குடும்பத்தின் மேல் விழுந்தது.

அதன்பின் அவர் வீட்டுக்கே போய் அடுப்படியைப் பார்த்தேன். முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை. கஞ்சிப் பானைக்குக் கைப்பிடி இல்லை. பழைய சேலையைக் கிழித்துத் தடியாக மடித்து, பானை பிடிக்க இரண்டு கைத்துணி தைத்தோம். பீடி முனை மடக்கும் கம்பியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினோம். அவர் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் இரவு அம்மா கையை விளக்கடியில் பார்ப்பது அவள் பொறுப்பு என்று ஆயிற்று. மூன்றாம் நாளே நான் பார்க்கத் தவறிய ஒரு சின்னக் கீறலை அவள் கண்டுபிடித்தாள்.

ஆனி மாதக் கடைசியில் வந்தார். காகிதத்தை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. எண்ணிக்கை எண்ணூற்றைம்பது என்றார். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் உள்ளங்கையில் ஆறு இடங்களில் தொட்டேன். நான்கு இடங்களில் "இங்க" என்று சரியாகக் காட்டினார். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் கொஞ்சம் யோசித்து, பக்கத்து இடத்தைக் காட்டினார். சுண்டுவிரல் நுனி இன்னும் பதில் சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதலாம், செருப்பில்லாமல் ஏறலாமா என்று கேட்டார். பாதத்தை மறுபடியும் முழுசாகச் சோதித்துவிட்டு, ஏறுங்கம்மா, இறங்கி வந்ததும் பாதத்தை மகளிடம் காட்டுங்க என்றேன். அடுத்த பரிசோதனை கிருத்திகை முடிந்த மறுவாரம்.